சனிக்கிழமை அனுப்ப வேண்டாம்

தாய் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதைக் கேட்ட பிறகும், அதற்கு எதிரான கடிதத்தை என்னால் எப்படி எழுத முடிந்தது?

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் அருகே, இணையவழி விண்ணப்பங்கள் நிரப்பித் தரும் கடையில் வேலை பார்க்கிறேன். அரியலூரை அடுத்த ரெட்டிபாளையத்து இளைஞர் ஒருவர் செக் நாட்டு வேலைக்குப் போனது நான் நிரப்பிய விண்ணப்பத்தால்தான். போன மழைக்காலத்தில், அங்கே தங்கியிருந்த அறையில் தூக்கத்திலேயே அவர் இறந்துபோனார். சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றும் அவருடைய அப்பா கடைக்கு வந்து என்னை வீட்டுக்கு அழைத்துச் சென்றார்.

செக் நாட்டு இறுதிச்சடங்கு நிறுவனம் ஒன்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. சனிக்கிழமை விமானத்தில் பெட்டியை ‘டிஸ்பாட்ச்’ செய்வார்கள்; முகம் தெரிய மூடியில் கண்ணாடி இருக்கும்; மாலைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். படித்துச் சொன்னேன்.

“டிஸ்பாட்ச்ங்கறது நாங்க மூட்டைக்குச் சொல்றதாச்சே பாப்பா,” என்ற அப்பா, “சனிக்கெழமயா?” என்றும் கேட்டார்.

“சனிப் பொணம் தனியாப் போவாது,” என்றார் அவருடைய தம்பி. “இங்கன்னா பாடையில ஒரு கோழியக் கட்டி அனுப்பிரலாம். ப்ளேன்ல எவன் ஏத்துவான்?”

யாரும் சிரிக்கவில்லை. சனிக்கிழமை புறப்படும் பிணம் அதே வீட்டிலிருந்து இன்னொரு உயிரைத் துணைக்கு இழுக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. இளைய மகன் வாசலில் நின்றிருந்தான்.

“செத்த புள்ளைக்கு சனி என்ன, வெள்ளி என்ன,” என்றார் அம்மா. “எனக்கு மொகத்தக் காட்டுங்க. அது போதும்.”

“இன்னொருத்தன் இருக்கான்டி. அவன யாரு பாக்குறது?”

மனைவியிடம் இப்படிச் சொன்ன அப்பா என் பக்கம் திரும்பி, “திங்கக்கெழம அனுப்பச் சொல்லு பாப்பா,” என்றார்.

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனால் படித்தவள் என்ற திமிரில் துக்க வீட்டில் வாதாடக்கூடாது என்று நினைத்தேன். தேதி மாறினால் என்ன ஆகும் என்று அந்த நிறுவனத்திடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். நான் கவலைப்பட்டதோ ஒரு சொல்லைப் பற்றி. மூட்டைக்குச் சொல்வதை அவர் மகனுக்குச் சொல்ல மனம் வராமல், ஆங்கில வரிகளுக்குக் கீழே செக் மொழியிலும் எழுத முடிவுசெய்து, கைபேசி அகராதியில் ‘டிஸ்பாட்ச்’ என்று தேடினேன். நான்கு செக் சொற்கள் வந்தன. ‘ஒதெஸ்லத்’ கடிதத்தையோ பொதியையோ அனுப்புவது. ‘எக்ஸ்பெதோவத்’ கிடங்கிலிருந்து சரக்கை வெளியேற்றுவது. ‘விஸ்லத்’ ஒருவரை ஒரு பணிக்கு அனுப்பிவைப்பது. ‘விப்ரவித்’ ஆளைத் தயார்செய்து வழியனுப்புவது. ரயிலைப் புறப்படச் செய்வதற்கும், இறுதிச்சடங்கை நடத்துவதற்கும் அதே சொல்தானாம். கடைசிச் சொல்லையே எழுதினேன். அதற்கு ஒரு மணி நேரம் ஆனது. கடிதம் போனபோது, நல்ல காரியம் செய்த நிறைவுகூட எனக்கு இருந்தது.

திங்கட்கிழமை விமானத்தில் இடம் இல்லை என்று பதில் வந்தது. அடுத்த வாரம், உடலை அனுப்பத் தேவையான ஒரு சான்றிதழின் காலம் முடிந்து, அதைப் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. மூன்றாவது வாரம் வந்த கடிதம், நாள் அதிகமாகிவிட்டதால் பெட்டி முழுவதும் அடைக்கப்படும், திறக்க அனுமதி இல்லை என்றது. அதையும் நான்தான் படித்துச் சொன்னேன்.

ஒரு புதன்கிழமை பெட்டி வந்தது. கண்ணாடி இல்லை. அந்த அம்மா அழவில்லை. பெட்டியின் நான்கு பக்கமும் தடவிப் பார்த்தார்.

“உள்ள இருக்கறது எம்புள்ளதான்னு யாரு பாத்தது?” என்று என்னைக் கேட்டார். “நீ பாத்தியா?”

“இல்லம்மா,” என்றேன்.

பெட்டியை அப்படியே புதைத்தார்கள். தன் மகன் இறக்கவில்லை என்று சொல்லி அந்த அம்மா கருமாதி செய்ய விடவில்லை. இன்றுவரை அது நடக்கவில்லை. அவர் கணவரோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார். வெளிநாட்டு வேலை விண்ணப்பங்களை நான் இப்போது நிரப்பித் தருவதில்லை.