அஞ்சு போச்சு, ஒண்ணுதான் பாக்கி!

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், அபிராமபுரத்து பிரவுசிங் சென்டர் ஒன்றில், கம்ப்யூட்டர் திரையில் ஒரு நீலக் கோட்டை மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒருவர் சலீம் பாய். எங்கள் பக்கத்துத் தெரு. கல்யாண ரவிக்கைகளுக்கு ஜரிகையில் ஆரி வேலை, அதாவது கை எம்பிராய்டரி, செய்கிறவர். சிங்கப்பூர்க் கடைக்காரர் ஒருவர் நம்ம ஊர் நேரம் மூன்று மணிக்கு உட்கார்ந்து டிசைன் தேர்ந்தெடுக்கப் போகிறார். பாயின் ஆறு படங்களும் அதற்குள் இன்டர்நெட்டில் ஏறியாக வேண்டும். பிடித்துவிட்டால், பட்டறையில் எட்டுப் பேருக்குத் தீபாவளிவரை வேலை. "இங்கிலீஷ்ல எதுனா கேட்டா நீ சொல்லு சார்" என்று என்னையும் இழுத்து வந்துவிட்டார்.

சென்டர் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். ஒரு வீட்டின் முன்னறை. மூன்று கம்ப்யூட்டர், ஒரே டெலிபோன் லைன் — இன்டர்நெட்டுக்கும் வீட்டுக்கும் அதுவேதான். நடத்துகிற வித்யா, படம் ஏற்றுவதற்கென்று தானே ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள். மற்ற இடங்களில் ஃபைலை அனுப்பினால் போகிறதா, படுத்துவிட்டதா என்றே தெரியாது... இவள் எழுதிய பக்கத்தில், எவ்வளவு போயிற்று என்று காட்ட ஒரு கோடு உண்டு. ஒவ்வொரு ஃபைலும் போய்ச் சேர்ந்ததும் ஒரு தாவு தாவும்.

தாவியது. ஒன்று, இரண்டு, மூன்று... ஐந்து போக நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

"அஞ்சு போச்சு, ஒண்ணுதான் பாக்கி!" பாய் டீ சொல்லப் போனார்.

டீ வந்தது. ஆறியது. கோடு அசையவில்லை.

"இன்னாம்மா, அப்டியே நின்னுகினு கீது?"

வித்யா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் கோடு தலையை எண்ணுகிறது, எடையைப் பார்ப்பதில்லை. முதல் ஐந்தும் தம்மாத்தூண்டு படங்கள். ஆறாவது மணப்பெண் ரவிக்கை, முழு முதுகு — அந்த ஐந்தையும் கூட்டினால் இதில் கால் பங்கு வராது!

அந்த நேரம் பார்த்து வித்யாவின் அம்மா எட்டிப் பார்த்தார். கோடு ஏறக்குறைய நிறைந்திருந்தது. திருப்தியாக உள்ளே போய் ரிசீவரை எடுத்தார்.

மோடத்தின் விளக்குகள் அணைந்தன.

"அம்மா! எடுக்காதேன்னு சொல்லியிருக்கேனோல்லியோ?"

"முடிஞ்சுடுத்துன்னு நெனச்சேன்டி! ஆறுல அஞ்சு ஆயிடுத்துன்னு நீதானே போட்டிருக்கே? கேஸ் புக் பண்ணலாம்னு..."

மணி 2.25. ஆறாவது படம் மறுபடி ஆரம்பத்திலிருந்து. டயல் செய்தால் என்கேஜ்டு. திரும்பவும் என்கேஜ்டு. லைன் கிடைத்தபோது 2.40.

"படத்தைச் சின்னதாக்கிடறேன் பாய். ஒரு நிமிஷத்துல போயிடும்."

"வாணாம்மா. சின்னதாக்கினா நூலு தெரியாது. நூலு தெரியாட்டி மெஷின் வேலைன்னுடுவான். அப்டியே உடு."

அப்படியே விட்டாள். இப்போது இருப்பது ஒரே ஒரு ஃபைல். கோடு? பூஜ்யம். ஒன்றில் ஒன்று முடியும்வரை பூஜ்யம்தானே! போகிறதா, இல்லையா... மோடத்தில் துடித்த குட்டிச் சிவப்பு ஒளி மட்டும்தான் எங்களுக்குத் தைரியம் சொன்னது. பாயின் உதடுகள் ஓசையில்லாமல் அசைந்தன. வித்யாவின் அம்மா, அந்த மாமியோ, டெலிபோன் எழுந்து ஓடிவிடும்போல அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

2.54. கோடு ஒரே தாவலில் நிறைந்தது. முதலில் கைதட்டியது மாமிதான்!

யோசித்துப் பார்த்தால், நாம் எல்லோருமே இப்படித்தான் எண்ணுகிறோம், இல்லையா? முன்னூறு பத்திரிகை கொடுத்தாச்சு, இன்னும் ஒரே ஒரு வீடுதான் என்கிறோம் — அது பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பெரிய மாமா வீடு. ஐந்து பாடம் முடித்துவிட்டேன் என்கிறாள் பெண் — மிச்சம் கணக்கு. லேசானதையெல்லாம் முதலில் தள்ளிவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறோம். கனமானது பாட்டுக்கு, மழை சுமந்த மேகம் மாதிரி, இருந்த இடத்திலேயே நிற்கிறது.

சிங்கப்பூர்க்காரர் எடுத்தது அந்த ஆறாவதைத்தான். எட்டுப் பேர் கையிலும் இப்போது ஊசி.

வித்யா கோட்டைத் திருத்திவிட்டாள். இனி அது எடையைப் பார்த்துத்தான் நகரும் — நேர்மையாக, நத்தையாக. நேற்று புதிய படங்களோடு வந்த பாய் முறைத்துப் பார்த்தார்.

"இன்னாம்மா, அஞ்சு போயும் இத்தினியூண்டுதான் வந்துகீது? அந்தப் பழைய கோடு எவ்ளோ ஆசையா ஓடுச்சு!"

வித்யா என்ன செய்வாள், பாவம்? இரண்டையும் வைத்துவிட்டாள். மேலே எண்ணிக்கைக் கோடு, கீழே எடைக் கோடு.

பாய் கீழே பார்ப்பதே இல்லை.