எழுதாத தாளில் வாங்கிய கைநாட்டு

மை தடவிய அவருடைய இடது கட்டைவிரல் தாளின் அடிப்பகுதிக்கு வரவில்லை. மேல் விளிம்பை ஒட்டி இறங்கியது. மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்துப் பார்த்தேன். முப்பது வருடம் மாட்டுக் கயிறு பிடித்த கை அசையவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கத்தில், மலையாள நாட்டுச் சித்தூர்ப் பக்கம், நோயுற்ற முதியவர்களைப் பராமரிக்கும் ஓர் இல்லத்தில் நான் எழுத்தராக இருந்தேன். சேருகிறவர் ஒவ்வொருவரிடமும் வெற்றுத்தாளின் அடியில் கைநாட்டு வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பது அங்கே வழக்கம். தேவைப்படும்போது மேலே எழுதிக்கொள்ளலாம் என்பார் மேனேஜர்.

அன்று சேர்ந்தவர் மண்டிக்குப் பார வண்டி ஓட்டி இடுப்பு முறிந்தவர். வண்டிக்காரர் என்றே எல்லோரும் அழைத்தோம். “அடியில வெச்சா மேல நீங்க ரயிலே ஓட்டுவீங்களாட்ட இருக்குதுங்க. தலையில வெச்சிருக்கறன், இனி எழுதுங்க பாக்கலாம்” என்றார். சுற்றிலும் கட்டிலில் கிடந்தவர்கள் சிரித்தார்கள். நல்லேப்பிள்ளி ஊரிலிருந்து வந்து சேர்ந்திருந்த மூதாட்டி, நாங்கள் அம்மா என்று அழைப்பவர், மட்டும் சிரிக்கவில்லை. “ஏனுங் எழுத்தரே, நா எங்க வெச்சனுங்க?” என்று கேட்டார்.

அடியில்தான் வைத்திருந்தார். அதன் மேல் நான் எழுதியும் முடித்திருந்தேன்: அவருடைய வயலின் குத்தகை நெல் முழுவதையும் ஆயுள் உள்ளவரை இல்லமே பெற்றுக்கொள்ளச் சம்மதம் என்று. காய்ச்சலோடு வந்தவர் குணமாகிவிட்டார். வீட்டுக்குப் போகவேண்டும் என்று மாதந்தோறும் கேட்டுக்கொண்டிருந்தார். “போயி என்னத்தத் தின்னுவீங்க? உங்க நெல்லு இங்கதான வருது” என்பார் மேனேஜர். அது எப்படி வருகிறது என்று அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பயந்து எழுதினேன் என்று சொன்னால் பொய். என் எழுத்து முத்துப்போல் இருக்கிறது என்று மேனேஜர் புகழ்வார். கல்லூரிவரை படித்த எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அம்மாவின் அந்தக் கேள்வியை வண்டிக்காரர் விடவில்லை. அவர் கட்டிலைக் கடக்கும்போதெல்லாம், சாப்பிட்டாச்சா என்பதுபோல, “அம்மா தாளப் படிச்சுக் காட்டிட்டீங்களா?” என்று கேட்பார். கோபம் இருக்காது; ஒரு நாளும் தவறாது. கடைசியில் நான் வேறு வழியாகச் சுற்றிப் போகத் தொடங்கினேன். “எழுத்தருக்கு எம்பட கட்டிலு கடிக்குதாட்ட இருக்குது” என்று உரக்கச் சொன்னார். அன்று மாலை தாளை எடுத்துவந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

அவர் அழவில்லை. “இத எங்க குத்தகைக்காரங்கிட்டயும் படிங்க. நெல்லு அளக்கறதுக்கு முன்னாடி” என்றார்.

அறுப்பு முடிந்த அன்று மூவரும் வாடகை வண்டியில் போனோம். வண்டிக்காரர் பின்னால் படுத்தபடியே ஓட்டுபவனுக்கு வழி நெடுக யோசனை சொன்னார். களத்தில் இல்லத்து வண்டி ஏற்கெனவே காத்து நின்றது. ஆட்கள் முன்னால் தாளைப் படித்தேன். “எழுதியது நான்தானுங்க. அம்மாவுக்கு இது தெரியாது” என்றேன். குத்தகைக்காரர் நெல் அளக்கும் பறையைக் கீழே வைத்தார். “படிச்சவங்க செய்யற வேலைங்களா இது?” பிறகு என்னை விட்டுவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினார். “நெல்ல எங்க போடட்டுமுங்க?”

“எம்பட ஊட்டு வாசல்ல போடுங்க.”

அம்மா இல்லத்துக்குத் திரும்பவில்லை. மறுநாளே என் வேலை போயிற்று. அதை நெடுங்காலம் தியாகம் என்று சொல்லிக்கொண்டேன்.

ஆனால், அன்று களத்திலிருந்து திரும்பும் வழியில் வண்டிக்காரர் ஒன்று கேட்டார். “பெட்டியில இப்படி எழுதுன தாளு இது ஒண்ணுதானுங்களா?” மேலும் மூன்று இருந்தன, மூன்றும் என் கையெழுத்து. இன்னும் மூன்று களங்களில் நின்று தலைகுனிய வேண்டும் என்று நினைத்ததுமே நாக்கு தானாகச் சொன்னது: “ஒண்ணுதானுங்க.” அவர் நம்பினார். அந்த மூவரும் தங்கள் நெல்லை இல்லம் தின்ன, அதன் தயவில் இருப்பதாக நினைத்தே அங்கே இறந்தார்கள்.

இப்போது அம்மாவும் இல்லை, வண்டிக்காரரும் இல்லை. என்னைக் கேட்க யாரும் மிச்சமில்லை என்பதால் நானே சொல்கிறேன். மூவரின் பிள்ளைகளுக்கும், என்ன எழுதினேன், யார் சொல்லி எழுதினேன் என்று கடிதம் போட்டேன். ஒரு வீட்டிலிருந்து திட்டிப் பதில் வந்தது. இன்னொன்றிலிருந்து எதுவும் வரவில்லை. மூன்றாவது, ஆள் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. அந்தக் குடும்பம் குமுளிப் பக்கம் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போனதாக ஒருவர் சொன்னார். நாளைக் காலைப் பேருந்தில் புறப்படுகிறேன்.