ஒரு மெட்டும் நாலு சொந்தக்காரர்களும்

அன்றைக்குப் பந்தலில் இருந்தவர்கள்: என் தங்கை ஞானம். காலையில் மாதா கோயிலில் அவளைக் கைப்பிடித்த மாப்பிள்ளை சூசை. அவர் அப்பா. செட்டிகுளத்திலிருந்து பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸைப் பிடித்து வந்த நாயனக்காரர். சமையலுக்கு வந்த விக்கிரமங்கலத்துத் தங்கம்மா. அப்புறம் நான். ரேஷன் காலத்துக் கல்யாணம் அவ்வளவுதான்!

ஆனால் பந்தலில் ஒரு கிராமபோன் இருந்தது. அரியலூரிலிருந்து வாடகைக்கு நான்தான் கொண்டு வந்தேன். வரதராஜன்பேட்டைப் பந்தல் வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தேன். ஸ்பிரிங் அறுந்தால்? பிளேட் உடைந்தால்? யுத்தத்தில் ஊசி கிடைக்காமல் கருவேல முள்ளைச் சீவி மாட்டியிருந்தேன் – அது கீறி வைத்தால்?

கவலைப்படாத ஒரே விஷயம், பாட்டு. ஞானத்துக்குப் பிடித்த நாடகப் பாட்டு. ‘வழி பார்த்து வாடுகிறேன், வாருமய்யா ராசா’ என்று ஒரு பெண் காதலனுக்காகக் காத்திருந்து பாடுவது.

முதல் அடி முடியவில்லை. மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார். அவர் கோயிலில் ஜெபமும் பாட்டும் சொல்லிக் கொடுக்கும் உபதேசியார்.

“நிறுத்துய்யா அதை! எங்க மாதா பாட்டுல எவன் காதலைக் கலந்தது?”

“மாமா, இது நாடகப் பாட்டுங்க...” என்றேன்.

“தேருக்கு முன்னாடி நின்னு நான் பாடின பாட்டுய்யா இது! ‘வழி காட்டி நில்லுமம்மா, வானகத்து ராணி’. இங்க கை நனைக்க மாட்டேன். சூசை, வண்டியைப் பூட்டு!”

சம்பந்தி சாப்பிடாமல் எழுந்து போனால், நாளைக்கு அந்த வீட்டில் என் தங்கை எப்படி நிமிர்ந்து நடப்பாள்? ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான், உபதேசியாரிடம் என்னத்தைப் பேசுவது?

நாயனக்காரர் பேசினார். பேசாமலே இருந்திருக்கலாம்!

“மன்னிக்கணுங்க. இது எங்க மலைக்குக் காவடி ஏறுற பாட்டு. ‘மலை ஏறி வாரோமய்யா, வேல் பிடிச்ச ராசா’. நீங்கதான் மாத்திப்புட்டீங்க.”

“யாரு, நாங்க மாத்துனோமா?”

தங்கம்மா கரண்டியோடு வந்து நின்றாள். “அட, ரெண்டு பேரும் சும்மா இருங்க. நாத்து நடுறப்ப நாங்க பாடுறதுங்க இது. அதுல மாதாவும் இல்ல, முருகனும் இல்ல. ‘மேஸ்திரி வாரானடி, வேகமா நடுங்க’!”

சூசைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அப்பாவுக்கு வரவில்லை. “எங்கே, பாடு பார்ப்போம்” என்றார்.

தங்கம்மா பாடினாள். நாயனக்காரருக்குக் கை நிற்கவில்லை, கூடவே ஊதினார். உபதேசியாரின் விரல்கள் தொடையில் தாளம் போட ஆரம்பித்தன – அவருக்குத் தெரியாமலே! ஒரு இடத்தில் மட்டும் கையைத் தூக்கி மறித்தார்.

“அங்க இவ்வளவு மேல போகக் கூடாது.”

“எங்களுக்குப் போகணுங்க. குனிஞ்சவ இடுப்பை நிமித்துற இடம் அது.”

“எங்களுக்கு...” என்று இழுத்தார் உபதேசியார். குரல் இறங்கியிருந்தது. “தேர் முக்குத் திரும்புற இடம்.”

“எங்களுக்குப் படி முடிஞ்சு, காத்து வந்து மூஞ்சில அடிக்கிற இடம்” என்றார் நாயனக்காரர்.

நான் சாவியை முறுக்கிப் பிளேட்டை மறுபடி வைத்தேன். எல்லாரும் அந்த இடத்துக்காகக் காத்திருந்தோம். வந்தது. பிளேட்டில் பாடின அம்மாளின் குரல் மேலே போய், ஒரு மூச்சு நின்று, இறங்கியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எத்தனையோ தடவை கேட்ட பாட்டுத்தான்... அதற்குள் இவ்வளவு இடம் இருந்ததா?

அதுவரை தலை நிமிராத ஞானம் மெதுவாகச் சொன்னாள்:

“இதுல, அவரு வந்துட்ட இடம் மாமா.”

உபதேசியார் மருமகளைப் பார்த்தார். பிறகு மகனை.

“சூசை, மாட்டை அவுத்து விடுறா. தங்கம்மா, இலையைப் போடு.”

சாப்பிட்டு முடிவதற்குள் அதே பிளேட்டை இன்னும் மூன்று தடவை வைக்கச் சொன்னார். முள்தான் தேய்ந்தது.

கிராமபோனைத் திருப்பிக் கொடுக்க அரியலூர் போனபோது பிளேட்டின் லேபிளைப் பார்த்தேன். பாடினவர் பெயர் இருக்கிறது. மெட்டுக் கட்டினவர் பெயர் இல்லை. நாடகக்காரரா? நடவுப் பெண்ணா? காவடி தூக்கினவரா? யாராக இருந்தாலும், அந்த ஒரு மூச்சை அங்கே வைத்த ஆளுக்கு ஒரு கும்பிடு.

இப்போது என் கவலையெல்லாம் ஒன்றுதான். அந்த ஆள் ஒருநாள் என் வாசலில் வந்து நின்று, “என் கூலி எங்கே?” என்று கேட்டால்... மாதா, முருகன், மேஸ்திரி, மாப்பிள்ளை – யார் கணக்கில் எழுதுவது?