பூஞ்சண மருந்தும் என் ஆறு பெட்டிகளும்

பயிர் மருந்துக் கடையில் நிற்பவனுக்கு ஒரு வசதி உண்டு: மருந்தால் செத்தது எதுவும் திரும்பி வந்து முறைப்பாடு சொல்லாது. உயிரோடிருப்பவர்கள்தான் வருவார்கள். நின்றே கால் வீங்கியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். எழுபதுகளில் திருகோணமலை ரவுணில் அப்படி ஒரு கடையில் நான் சாமான் எடுத்துக் கொடுத்தேன். உப்புவெளியில் என் வளவில் ஆறு தேனீப் பெட்டிகள். பெட்டி பத்தானதும் முதலாளிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தேனோடு இருந்துவிடுவதென்று முடிவு.

பக்கத்து வளவுப் பூசணி

செல்லையா என் பக்கத்து வளவுக்காரர். மாப் பூசினதுபோல் வெளுத்த பூசணி இலை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். பூஞ்சணம். தண்ணீரில் கரைத்து அடிக்கிற பொடியை எடுத்துக் கொடுத்தேன். அவருடைய பூசணிப் பூவில்தான் விடிந்ததும் என் தேனீக்கள் புரளும். "பூ விரிஞ்சிருக்கேக்க அடிக்கலாமோ?" என்று அவரே கேட்டார். நான் பெரிய கெட்டிக்காரன். "இது பூஞ்சணத்துக்கு. பூச்சியை ஒண்டும் செய்யாது. எப்பவும் அடியுங்கோ" என்றேன். லேபிளிலும் அப்படித்தான் இருந்தது.

செல்லையா பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு சொன்னார்: "பிறகு உங்கட பூச்சி செத்துப்போச்செண்டு வேலிக்குள்ளால சத்தம் போடக்கூடாது, சொல்லிப்போட்டன்."

சாகவில்லை

செத்த தேனீ ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் மூன்று கிழமையில் பெட்டிகள் மெலிந்தன. தேனீக் குஞ்சுப் புழுக்கள் அடைக்குள் சுருங்கிக் கிடந்தன. தேனீ பூந்தூளைத் தேனில் குழைத்து அறைக்குள் அமர்த்தி வைக்கும். அது புளித்த பிறகுதான் குஞ்சு வளர்க்க உதவும். கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டேன். புளிப்பே இல்லை. அன்றைக்குக் கொண்டுவந்ததுபோல் பச்சையாக இருந்தது.

விவசாயக் கந்தோரிலிருந்து ஓர் உத்தியோகத்தரைக் கூட்டிவந்தேன். அவர் பெட்டிக்கு ஆறடி தள்ளி நின்று லேபிளை இரண்டு தரம் வாசித்தார். "தேனீயைக் கொல்லாது எண்டு தெளிவாப் போட்டிருக்கு. ஆனபடியா உங்கட தேனீ நல்லா இருக்குது."

மாரி

நல்லா இருந்த தேனீயில் இரண்டு பெட்டி காலி. மாரியும் பிடித்தது. மிஞ்சிய நாலு பெட்டியிலும் அடையின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம். மருந்துக் கடைக்காரனின் மூளை வேறெப்படி வேலை செய்யும்? பூஞ்சணம் என்றால் அலுமாரியின் மூன்றாம் தட்டு. அதே பொடியைக் கொண்டுவந்து, துணியில் கட்டி, பூந்தூள் வைத்த அறைகளின் மேல் தட்டினேன். பூஞ்சணம் போயிற்று. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குசினிக்குள் போய் மனைவியிடம் சொன்னேன்.

அவள் அப்பமா புளிக்கக் கள்ளு விட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "பூஞ்சணத்தைக் கொல்லுற மருந்து, புளிக்க வைக்கிறதை மட்டும் விட்டுவைக்குமே? கொஞ்சம் கொண்டு வாங்கோ, இந்த மாவுக்கும் போட்டுப் பாப்பம்."

இறக்கக்கண்டி பஸ்

தட்டின பொடியைத் திருப்பி அள்ள ஏலாது. புழுக்கள் பட்டினியில் முடிந்தன. சாப்பாடு சரியில்லாத பெட்டியில் எங்கள் ஊர்த் தேனீ இருக்காது, கூட்டத்தோடு எழும்பிவிடும். மூன்று பெட்டி எழும்பியபோது நான் கடையில் நின்றேன். கடைசிப் பெட்டி, ஒரு ஞாயிறு காலை, என் கண்முன்னால் எழும்பியது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிலாவெளி ரோட்டால் சைக்கிளை மிதித்தேன். தண்ணீர் தெளித்தால் இறங்கும் என்று ஹாண்டிலில் ஒரு வாளி வேறு. வானத்தைப் பார்த்து ஓட்டியதில் பின்னால் வந்த பஸ்ஸுக்கு வழி விடவில்லை.

கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு கேட்டான்: "ஐயா, ஏறுங்கோ, நாங்கள் இறக்கக்கண்டி மட்டும் போறம். அவை எங்க இறங்கிறதெண்டு சொன்னவையோ?"

கிண்ணியா வத்தகை

அடுத்த கிழமை கிண்ணியாவிலிருந்து ஹனிபா காக்கா வந்தார். வத்தகைப் பழக் கொடிக்குப் பூஞ்சணப் பொடி வேண்டும். "தேனீக்குச் சேதமில்லையே?" என்றார். "கொல்லாது. பட்டினி போடும். பூ மூடினாப் பிறகு பின்னேரம் அடியுங்கோ. கொடி தாங்குமெண்டா அடிக்கவே வேண்டாம்" என்றேன். அவர் பொடியை மேசையில் திருப்பி வைத்துவிட்டு ஒரு மண்வெட்டிப் பிடி வாங்கிக்கொண்டு போனார்.

கதிரையில் இருந்த முதலாளி எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "தேனீ போனது உம்மட பாடு. நீர் உண்மை கதைக்கத் தொடங்கினா என்ர சனமும் எழும்பிப் போயிடும்."

அந்தக் கடையில் இன்னும் பதினொரு வருஷம் நின்றேன். சரிவராத இடத்தை விட்டுப் போகிற விஷயத்தில் என்னைவிடத் தேனீக்குத்தான் மூளை.