ஆண்டுவிழா மலரில் எங்கள் பக்கம்

எங்கள் சபையின் ஆண்டுவிழா மலருக்கு, குடும்பத்துக்கு ஒரு பக்கம் வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள். என் அப்பாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஊரில் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்றது எங்கள் குடும்பம்தான் என்று அவர் சொல்லிச் சொல்லி, கேட்டவர்களுக்கெல்லாம் காது புளித்துப்போயிருந்தது. இப்போது அதை அச்சில் ஏற்றி எதிர்த்த வீட்டுக்காரரின் வாயை அடைக்க வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

எதிர்த்த வீட்டுக்காரரும் அப்பாவும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். சான்றிதழ்படி அப்பா இரண்டு வயது மூப்பு. உயரத்தில் அவருடைய தோளுக்குத்தான் வருவார். ஆனாலும் அப்பா அவரை ஏலே என்று கூப்பிடுவார். அவர் இவரை அண்ணே என்றுதான் கூப்பிட வேண்டும். ஒருநாள் அவர் வாய்தவறிப் பெயரைச் சொல்லிவிட்டதற்கு ஒரு வாரம் அந்த வீட்டுப் பக்கமே திரும்பவில்லை என்னைப் பெற்ற மகாராசன். போன வருடம் எண்பதாவது பிறந்தநாளுக்கு ஊரைக் கூட்டி பிரியாணி போட்டதிலிருந்து அதிகாரம் இன்னும் கூடிவிட்டது.

இந்த மூப்பெல்லாம் வெளியில்தான். வீட்டுக்குள் அவருக்கு ஆறாத மனத்தாங்கல் ஒன்று உண்டு. தாத்தா, அதாவது அப்பாவின் அப்பா, என் சித்தப்பாக்கள் இருவரையும் வாய் நிறையப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாராம். மூத்தவரான இவரை மட்டும் சாகும்வரை ஏலே, ஏலே. தலைமகனுக்குத் தகப்பன் வழிப் பாட்டனின் பெயர் வைப்பது எங்கள் வழக்கம். அப்படி வந்த கம்பீரமான பெயர் அப்பாவுடையது. அதைத் தாத்தா ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. “என்னைக் கண்டா அவருக்குப் பிடிக்காது. அவ்வளவுதான் விசயம்” என்பார். கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்து, எத்தனையோ பேரை அதட்டி வேலை வாங்கிய மனுசன், இந்தப் பேச்சு வந்தால் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வார்.

சபை அலுவலகத்தில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை மூன்று நாள் தும்மித் தும்மிப் புரட்டினேன். ஊரில் நாங்கள் ஒன்பதாவது குடும்பம். முதல் குடும்பம் எது என்று கேட்காதீர்கள். எங்கள் வாசலில் நின்று நிமிர்ந்தால் அவர்கள் வீட்டு மாடி தெரியும்.

அது போகட்டும் என்று அப்பாவின் பெயரைத் தேடினேன். கிடைத்தது, சான்றிதழில் உள்ள அதே பிறந்த தேதியோடு. ஏழெட்டுப் பக்கம் தாண்டி இன்னொரு தடவை கிடைத்தது. அதே பெயர், அதே தாய் தகப்பன், பிறந்த தேதி மட்டும் மூன்று வருடம் தள்ளி. அடக்கப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு தேதிகளுக்கும் நடுவில் அந்தப் பெயரில் ஓர் ஆண் குழந்தை. வயது இரண்டு. காய்ச்சல். கீழே தாத்தாவின் கையெழுத்து.

முதல் பிள்ளை போனதும், பாட்டனின் பெயர் விட்டுப்போகக் கூடாது என்று அடுத்த பிள்ளைக்கும் அதையே வைத்திருக்கிறார்கள். சபைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்து, முதலில் கண்ணில் பட்ட தேதியை எழுதிக்கொண்டிருக்க வேண்டும். எட்டு வயதில் ஒன்றாம் வகுப்பு அன்று யாருக்கும் அதிசயமில்லை. ஆக, எங்கள் எண்பது வயதுப் பெரியவருக்கு நிஜத்தில் எழுபத்தேழுதான். நாங்கள் தின்ற பிரியாணி அந்தக் குழந்தையின் கணக்கில் வரும்.

முதலில் ஒன்பதாவது இடத்தைச் சொன்னேன். அப்பா குதித்தார். நம்ம பேர் இருந்த பக்கத்தைக் கரையான் தின்னிருக்கும் என்றார். கரையான் எதிர்த்த வீட்டுக்காரர்களை மட்டும் ஏன் விட்டுவைத்தது என்று கேட்டேன். பிறகு மெதுவாக இரண்டு பிறந்த தேதிகளின் கதையைச் சொன்னேன்.

அவருக்கு முதலில் உறைத்தது, மூன்று வருடம் முன்னாலேயே தன்னை ஓய்வுபெற வைத்துவிட்டார்கள் என்பது. அடுத்தது அதைவிடப் பெரிய ஆபத்து. மூன்றைக் கழித்தால் அவர் எதிர்த்த வீட்டுக்காரரைவிட ஒரு வயது இளையவர். “ஏட்டி, அவன்கிட்ட மட்டும் மூச்சு விட்டிராத, கேட்டியா” என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, போனில் எடுத்திருந்த அடக்கப் பதிவின் படத்தைக் காட்டினேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தாத்தாவின் கையெழுத்தில் விரலை வைத்தார்.

“எனக்க பேரு அவருக்கு வாயில வரல, ஏட்டி” என்றார் கடைசியில். “நான் என்னெல்லாமோ நெனச்சிட்டேன்.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு அவரே பக்கத்தில் உட்கார்ந்து, தாத்தாவின் பிள்ளைகள் வரிசையில் அந்தப் பெயரை ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு தடவை எழுத வைத்தார்.

அச்சகத்திலிருந்து சரிபார்க்க வந்த தாளில் பெயர் ஒரு தடவைதான் இருந்தது. மலர்க் குழுவின் தலைவர் தவறுதலாக இரண்டு முறை வந்ததாக நினைத்து ஒன்றை அடித்துவிட்டாராம். தலைவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் எதிர்த்த வீட்டுக்காரர்தான்.

இரண்டு தடவை வந்தது என் கைப்பிழைதான் என்று நானே போய்ச் சமாளித்துவிட்டு வருகிறேன் என்றேன். இல்லையென்றால், காரணம் சொல்லாமல் இரண்டு பெயரையும் போடச் சொல்லலாமே என்றும் சொல்லிப் பார்த்தேன். அப்பா சலவைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, தெருவைக் கடந்து போனார். பின்னாலேயே நானும் போனேன். எதிர்த்த வீட்டுக்காரர் வழக்கம்போல “வாங்கண்ணே” என்று எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்பா உட்காரவில்லை. தாளை மேசைமேல் விரித்தார்.

“நாங்க எழுதித் தந்ததுல பிழை ஒண்ணும் இல்ல. மேல இருந்தது எங்க அண்ணன். கீழ உள்ளது நான். சான்றிதழ்ல இருக்கது அவனுக்க வயசு. ரெண்டு பேரும் கெடக்கட்டும்.”

எதிர்த்த வீட்டுக்காரர் தாளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அவருடைய உதடுகள் கணக்குப் போடுவது எனக்கே தெரிந்தது.

“அப்போ நீங்க எனக்கு எளையதுல்லா?”

“ஆமாண்ணே” என்றார் அப்பா. “எழுதுங்க.”