பொனாரியாவின் எட்டுக் கட்டில்கள்

பொனாரியா மெலிஸ் இருபத்தாறு வருஷம் அடுத்தவர் முடியை வடிகாலிலிருந்து இழுத்து எடுத்தாள். சார்தீனியாவின் தென்கிழக்குக் கரையில், வில்லாசிமியுஸ் ஊரில், கடலைப் பார்த்த பன்னிரண்டு அறை விடுதியில் துப்புரவு வேலை. சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பழைய ஆட்கள் கிளம்புவார்கள். மாலை நான்குக்குப் புதியவர்கள் வந்துவிடுவார்கள். நடுவில் ஆறு மணி நேரம், இரண்டு பெண்கள். இழுப்பறையில் வெட்டிப்போட்ட நகம், கட்டிலடியில் பூசணம் பிடித்த பாலாடைக்கட்டித் தோல், ஒருமுறை அலமாரிக்குள் ஐந்து நாள் பழைய கணவாய் மீன். மனிதர்களைப் பற்றி அவளிடம் நல்ல அபிப்பிராயம் எதுவும் மிச்சமில்லை.

ஆறாம் எண் அறையில் ஒரு ஜூன் மாதம் யாரோ விட்டுப்போன வரைபடம் கிடைத்தது. தீவைச் சுற்றி எட்டு ஊர்களுக்குச் சிவப்பு வட்டம். பொனாரியா அதில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. வயது அறுபது, பக்கத்து நகரமான காலியாரியைத் தாண்டிப் போனதில்லை. நாலு நாள் தங்க வந்தவர்கள் அந்த எட்டில் ஒன்றான போசா ஊர் ஆற்றங்கரை வீடுகளின் வண்ணத்தைப் பற்றி அவளுக்கே பாடம் நடத்தியிருந்தார்கள். அதுவும் உறுத்திக்கொண்டிருந்தது. அக்டோபரில் சீசன் முடிந்ததும் பஸ்ஸில், தனியாக, எட்டு இரவு சுற்றிவருவது என்று முடிவு செய்தாள்.

பஸ் நேரங்களை மகள் எஃபிசியா பார்த்துக்கொடுத்தாள். குடிநீர்ப் பொறியாளர். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடாத ஊர்களை வேறு நாளுக்குத் தள்ளி, அரைமணி நேரத்தில் கட்டம் போட்டு முடித்தாள். கட்டில்கள்தான் முடியவில்லை.

காரணம், பொனாரியாவுக்குத் தொழில் தெரியும். விரிப்பை மாற்றுவார்கள். தலையணை உறையை மாற்றுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே கிடக்கும் கனத்த மேல்விரிப்பை மாற்றமாட்டார்கள். திருப்பிப் போடு, லாவெண்டர் தண்ணீர் தெளி, மாதம் ஒருமுறை துவைத்தால் போதும்: இது முதலாளி ஒர்னெல்லாவின் உத்தரவு. ஈர நீச்சலுடையோடு உட்கார்ந்தவர்கள், அதன்மேலேயே குழந்தைக்குத் துணி மாற்றியவர்கள், மீன் தின்ற கையைத் துடைத்தவர்கள் எல்லாரும் அந்தத் துணியில் அடுக்கடுக்காக இருந்தார்கள். எஃபிசியா விடுதிப் படங்களைக் காட்டினால் பொனாரியா ஜன்னலையும் பார்க்கமாட்டாள், கடலையும் பார்க்கமாட்டாள். மேல்விரிப்பைப் பார்ப்பாள், வேண்டாம் என்பாள்.

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். சனிக்கிழமை நண்பகலில் எந்த விடுதிக்குப் போன் செய்தாலும் முதலாளி எடுப்பதில்லை. வாளியும் கையுமாக நிற்பவள்தான் எடுப்பாள். பொனாரியா துணி வைக்கும் அறைக்குள் நின்றுகொண்டு, தன் ஊரும் வேலையும் இன்னதென்று சொல்லிவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: அந்தக் கட்டிலில் நீ தூங்குவாயா?

பெரும்பாலும் சிரிப்புதான் பதில். ஒரொசே ஊரில் ஒருத்தி, "என் மாமியாரை வேணா தூங்க வைப்பேன்" என்றாள். ஆனாலும் ஐந்தாறு போனுக்கு ஒரு 'தூங்குவேன்' கிடைத்தது. ஆகஸ்ட் கடைசிக்குள் ஏழு ஊருக்கு ஏழு கட்டில். மிச்சம் போசா.

போசாவில் எடுத்தவள் பெயர் கிராட்சியெத்தா. யோசிக்கவே இல்லை.

"தூங்குவேன் அக்கா. இங்க மேல்விரிப்பே கிடையாது. பருத்திப் போர்வை, ஆள் மாற மாற நான்தான் துவைக்கிறேன். நல்லவேளை கூப்பிட்டீங்க. என் மகளுக்கு அடுத்த வாரம் கல்யாணம், முடிஞ்சதும் ரெண்டு பேரும் தேனிலவுக்கு உங்க ஊருக்குத்தான் வர்றாங்க. உங்க இடத்துலயே ரூம் போடலாமா? நீங்க அங்க தூங்குவீங்களா?"

பொனாரியா அப்போதுதான் ஏழாம் அறை மேல்விரிப்பைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்திருந்தாள். விரலில் லாவெண்டர் நாற்றம். கதவருகே ஒர்னெல்லா வந்து நின்றதும் தெரிந்தது.

"மாட்டேன்மா," என்றாள். "மகளை இங்க அனுப்பாதே."

ஒர்னெல்லா கத்தவில்லை. "இருபத்தாறு வருஷமா திருப்பிப் போட்டது யார் கை? அப்ப வாய் எங்க போச்சு?" என்று கேட்டாள்.

திருப்பிப் போட்டது இவள் கைதான். எல்லா அருவருப்பையும்விடப் பெரிய அருவருப்பு அதுதான். பிற்பாடு மகளிடம் அப்படித்தான் சொன்னாள். அன்று பன்னிரண்டு அறை மேல்விரிப்புகளையும் உருவி, முற்றத்தின் நடுவே குவித்தாள். வேலை மேலங்கியைக் கழற்றி அந்தக் குவியல்மேல் போட்டாள். நான்கு மணிக்குப் பெட்டியோடு வந்தவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள்.

வேலை போனது. அக்டோபர் வரை காத்திருக்கத் தேவையில்லாமல் போனது. எஃபிசியா கட்டத்தைத் திருத்திக் கொடுத்தாள். செப்டம்பர் நடுவில் பொனாரியா கிளம்பினாள். எட்டு இரவும் தூங்கினாள். போசாவின் வண்ணங்களைப் பற்றி மகள் கேட்டதற்கு, ஆறு நாறுகிறது, போர்வை நன்றாக இருந்தது என்றாள். வரைபடத்தில் எட்டு வட்டத்துக்கும் பக்கத்தில் 'ஆம்' என்று எழுதினாள். பிறகு தன் ஊருக்கும் ஒரு வட்டம் போட்டு, 'இல்லை' என்று எழுதினாள்.

அடுத்த பிப்ரவரியில் இறந்தாள். கடைசி வாரம், மருத்துவமனையில், தரை துடைக்க வந்த பெண்ணிடம் அதே கேள்வியைக் கேட்டாள். அந்தப் பெண் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, இல்லை என்று தலையசைத்தாள்.

எஃபிசியா அன்றே வீட்டுக்குப் போய்த் துவைத்த போர்வையைக் கொண்டுவந்தாள். அம்மாவின் மேல் கிடந்த மருத்துவமனைப் போர்வையை உருவித் தரையில் போட்டாள்.