கிணற்றடியில் வந்த மறுமொழி

பள்ளிக்கூடம் விட்டு எங்கள் தீவின் புளியங்கூடல் ஒழுங்கையால் வரும்போது, பனையோலைகளின் சரசரப்புக்கு மேலாக, ஓர் ஆணும் பெண்ணும் வாய்ச்சண்டை பிடிக்கும் சத்தம் எங்கள் வீட்டுக்கு இரண்டு வேலி தள்ளியிருந்த வீட்டிலிருந்து கேட்கும். அந்த வீட்டில் இருந்ததோ ஒரேயொரு ஆள், திலகா அன்ரி. அவர் ஊருக்கு வந்த புதிதில் விலக்குப் பிடிக்க ஓடிய பக்கத்து வீட்டுக்காரர், அவர் தனியே கதிரையில் இருந்து கொப்பியில் எழுதிக்கொண்டு இரண்டு குரலிலும் மாறி மாறி ஏசுவதைக் கண்டு, சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்தாராம்.

கொழும்பில் வானொலி நாடகங்களிலும் மேடையிலும் இரண்டு படங்களிலும் நடித்தவர் அவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் குடியிருந்த வீடு எரிந்துபோக, அகதிக் கப்பலில் ஒற்றைப் பையோடு வந்து, தகப்பன் விட்டுப்போன வீட்டில் குடியேறினார். இங்கே நடிக்க மேடை ஏது? இருந்தாலும் "நடிச்ச பெட்டை" என்று ஊர் விட்டிருக்காது. அதனால் கதை எழுதத் தொடங்கினார். ஆனால் ஒவ்வொருவர் பேச்சையும் வாய்விட்டுப் பேசிப் பார்க்காமல் அவருக்கு எழுத வராது. "ஆடின காலும் பாடின வாயும் சும்மா இராது" என்று ஊர் சிரித்தது. அம்மாவும் சிரித்தார்.

அம்மாவின் சிரிப்பில் கொஞ்சம் கசப்பும் இருந்தது. என் அப்பா கடை வைத்திருந்ததும் அதே கொழும்பில்தான். அந்த ஆடியோடு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. திலகா அன்ரி வந்திறங்கிய அன்று அம்மா ஓடிப்போய், அவரைக் கண்டீரா என்றுதான் முதலில் கேட்டாராம். கலவரத்துக்குப் பிறகு அன்ரி அவரைக் கண்டிருக்கவில்லை. எனக்கு அப்போது மூன்று வயது. அம்மா பொட்டை அழிக்கவில்லை, அழிக்கச் சொல்லும் துணிவு யாருக்கும் வரவுமில்லை.

எட்டு வயதில் நான் அன்ரியின் எதிர்ப்பாட்டுக்காரி ஆனேன். நீ மாமியார், நான் மருமகள், ஏசு பார்ப்போம் என்பார். எனக்கு வாயில் வந்ததையெல்லாம் ஏசுவேன். அவர் சிரித்துச் சிரித்து எழுதுவார். ஒருநாள், புருஷன் தூரத்தில் இருக்கிற மனுஷி தனியே என்ன பேசுவாள் என்று யோசித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும் என்று முந்திக்கொண்டேன். அம்மா யாருமில்லை என்று நினைத்துக் கிணற்றடியில் பேசுவதை அப்படியே சொன்னேன்: "இஞ்சாருங்கோ, உங்களுக்கென்ன, போய் இருந்திட்டியள். இஞ்சை படலை சரிஞ்சு கிடக்கு, கண்ட மாடெல்லாம் உள்ளுக்கை வருது." அன்ரியின் பேனா நின்றுவிட்டது. யார் இப்படிப் பேசுவது என்று கேட்டார். பெருமையோடு சொல்லித் தொலைத்தேன்.

சில வாரங்களில் கதை பத்திரிகையில் வந்தது. கடைசியில் புருஷன் செத்துப்போன செய்தி வருகிறது. அந்த மனுஷி கிணற்றடியில் பேசுவதை நிறுத்திவிடுகிறாள். அம்மா குசினி வாசலில் நின்று அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு பத்திரிகையோடு நேரே அன்ரி வீட்டுக்கு நடந்தார். நான் பயந்து பின்னால் ஓடினேன்.

"நான் கதைக்கிறதை எழுதினதுக்குக் கோவமில்லை," என்றார் அம்மா. "அவரை ஏன் சாகடிச்சனீர்?"

கதைக்கு ஒரு முடிவு வேண்டுமென்று நினைத்துவிட்டேன் என்று அன்ரி மெல்லச் சொன்னார்.

"எனக்கு இன்னும் முடியேல்லை," என்று சொல்லிவிட்டு அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அதன்பிறகு நான் அங்கே போகக்கூடாது. அம்மாவும் கிணற்றடியில் வாய் திறக்கவில்லை. என் வாயால் வந்த வினை என்று எனக்கு அந்த வயதிலேயே விளங்கியது.

ஒரு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், அன்ரி எங்கள் கிணற்றடிக்கே வந்துவிட்டார். அப்பாவின் கடையில் தான் சாமான் வாங்கியதையும், அப்பா பேசும் விதம் தனக்குத் தெரியும் என்பதையும் சொல்லி, "நீங்கள் சொல்லுங்கோ அக்கா, நான் மறுமொழி சொல்லுறன்" என்றார். அம்மா கேளாதவர்போல இரண்டு வாளி அள்ளினார். மூன்றாவது வாளியில், வேலிப் படலை சரிந்து கிடக்கும் கதையை மெல்ல எடுத்தார்.

அன்ரி தொண்டையைச் செருமிக் குரலைத் தடிப்பாக்கினார். "இஞ்சாரும், கோவியாதையும். வந்தவுடனை கட்டுறன்."

அம்மா கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினார். "வந்தவுடனை எண்டால் எப்ப?"

அன்ரி இன்னொரு முறை செருமினார். பிறகு அதே தடித்த குரலில், "கடையிலை ஆளில்லையப்பா. வாறன்" என்றார்.

அம்மா சிரித்தார், அழுதார், பிறகு அப்பாவை நன்றாக ஏசினார். அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அது நடந்தது. தொண்ணூறில் போருக்குத் தப்பி மூவரும் தீவை விட்டு ஓடி, யாழ்ப்பாணத்தில் யாரோ வீட்டில் அகதியாக இருந்தபோது, அந்த வீட்டுக் கிணற்றடியிலும் நடந்தது. தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில்தான் எங்களைத் தவறவிட்டு அன்ரி இந்தியா போனார்.

அங்கேதான் அவருடைய புத்தகங்கள் வந்தன, எழுத்தாளர் என்ற பெயரும் வந்தது. நடிகையாக இருந்தது பின்னட்டையில் ஒற்றை வரி. அந்தக் கதையில் புருஷன் இன்னும் செத்துப்போய்த்தான் இருக்கிறார். கிணற்றடியில் அன்ரி திருத்திய முடிவு எங்கும் அச்சாகவில்லை. போன வருடம் அன்ரி காலமானார். அவர் குரலை ஓர் ஒலிநாடாவிலாவது பிடித்து வைத்திருக்கலாம் என்று மனம் அடித்துக்கொள்கிறது. ஆனால் பொருளாதாரத் தடை இருந்த அந்த நாட்களில் பற்றரிக்கு எங்கே போவது?

அன்ரியின் சாவுச் செய்தி வந்த அன்று அம்மா, அப்பாவின் குரல் எனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டார். ஓம் என்றேன். சொல்லிக்காட்டச் சொன்னார். தொண்டையைச் செருமி, "இஞ்சாரும், கோவியாதையும்" என்றேன்.

"கொப்பர் ஒருநாளும் செருமிறேல்லை," என்றார் அம்மா. "அது திலகா."

அப்பாவின் குரல் என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.